செம்மறியின் பெருவயிற்று நுண்ணுயிரிகளும் மீத்தேன் குறைந்த பொலிகிடாத் தேர்வும்: வட ஆற்காட்டுக்கு இது பொருந்துமா?

அணைக்கட்டுப் பட்டிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். அணைக்கட்டுப் பக்கம் எங்கள் குடும்பம் சென்னைச் சிவப்புச் செம்மறிகளை வளர்த்து வருகிறது. வேர்க்கடலை பிடுங்கிய கொல்லைகளிலும், அறுவடை முடிந்த கழனிகளிலும், கோடையில் மலையடிவாரத்திலும் மேய்க்கிறோம். அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில், நியூசிலாந்தில், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் குறைவாக வெளியிடும் செம்மறிகளைப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துத் தனி மந்தையாகவே பெருக்கியிருக்கிறார்கள் என்றும், அவற்றின் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகளே வேறு வகையாக இருக்கின்றன என்றும் கூறினார்கள். வகுப்பில் நேரம் போதாததால் இங்கே கேட்கிறேன்.

மீத்தேனை உண்டாக்குவது நுண்ணுயிரிதான் என்றால், கிடாவை மாற்றுவதால் நுண்ணுயிரி எப்படி மாறும்? நுண்ணுயிரி தீவனத்தைப் பொறுத்தது என்றுதானே நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம்? அடுத்த கேள்வி, எங்களைப் போன்றவர்கள் இனப்பெருக்கத்துக்கான பொலிகிடா வாங்கும்போது இதில் எதையாவது கவனிக்க முடியுமா என்பது.

ஊட்டச்சத்து ஆராய்ச்சி மாணவி

ஐயா, உங்கள் முதல் கேள்விதான் இத்துறையில் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்ட கேள்வி. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆடு தின்னும் புல்லிலுள்ள நாரை ஆட்டின் சொந்த நொதிகளால் செரிக்க முடியாது. ஆட்டின் நான்கு வயிற்று அறைகளில் முதலாவதும் பெரியதுமான பெருவயிற்றிலுள்ள பாக்டீரியாக்கள், ஒருசெல் உயிரிகள், பூஞ்சைகள் ஆகியவையே அதை உடைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய அமிலங்களாக மாற்றுகின்றன. ஆடு தனக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை இந்த அமிலங்களிலிருந்துதான் பெறுகிறது. அசிட்டேட்டும் பியூட்டிரேட்டும் உருவாகும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. புரோப்பியோனேட் உருவாகும்போது ஹைட்ரஜன் செலவாகிறது. மிஞ்சும் ஹைட்ரஜன் பெருவயிற்றில் தேங்கினால் நொதித்தலே தடைப்படும் என்பதால், அதை எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம் தேவைப்படுகிறது. அந்த வேலையைச் செய்பவை ஆர்க்கியா என்னும் தொல்லுயிரிகள். அவை நான்கு மூலக்கூறு ஹைட்ரஜனையும் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து ஒரு மூலக்கூறு மீத்தேனும் இரண்டு மூலக்கூறு நீரும் ஆக்குகின்றன. அந்த மீத்தேனின் பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது. பின்புறமாகப் போவது மிகக் குறைவு.

நீங்கள் கேட்டது போலவே, நியூசிலாந்து ஆய்வாளர்களும் மீத்தேன் குறைந்த ஆடுகளில் ஆர்க்கியாக்கள் குறைவாக இருக்கும் என்றுதான் முதலில் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் 2014-இல் வெளியான ஆய்வில், அதிக மீத்தேன் ஆடுகளிலும் குறைந்த மீத்தேன் ஆடுகளிலும் ஆர்க்கியாக்களின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மீத்தேனை உருவாக்கும் மரபணுக்கள் எவ்வளவு முனைப்பாக இயங்குகின்றன என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, குறைந்த மீத்தேன் ஆடுகளின் பாக்டீரியாக் கூட்டம் இரண்டு வகைகளில் அமைகிறது என்று காட்டியது. ஒன்றில் குயினெல்லா மிகுந்திருந்தது. மற்றொன்றில் ஷார்பியா, கேண்ட்லேரியா போன்றவை மிகுந்திருந்தன. ஷார்பியா சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும். அதை மெகாஸ்பேரா என்ற பாக்டீரியா பியூட்டிரேட்டாக மாற்றும். இந்தப் பாதையில் ஹைட்ரஜன் குறைவாகவே வெளிப்படுவதால், ஆர்க்கியாக்கள் இருந்தாலும் அவற்றுக்குத் தீனி போதுவதில்லை.

இனி ஆட்டின் பங்குக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் குறைந்த மீத்தேன் ஆடுகளை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தபோது, அவற்றின் பெருவயிறு சிறிதாகவும், தீவனம் அதில் தங்கும் நேரம் குறைவாகவும் இருந்தது. அப்படிப்பட்ட பெருவயிற்றில், விரைந்து பெருகும் ஷார்பியா போன்றவற்றுக்கு வாய்ப்பு மிகுதி. நாரை மெதுவாக உடைத்து ஹைட்ரஜனை வெளிவிடும் கூட்டத்துக்கு வாய்ப்புக் குறைவு. நுண்ணுயிரி குடியிருக்கும் வீட்டின் அளவையும் காற்றோட்டத்தையும் ஆட்டின் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். தீவனம் நுண்ணுயிரிகளை மாற்றும் என்பது முற்றிலும் உண்மை; ஆனால் ஒரே தீவனம் தின்னும் இரண்டு ஆடுகளுக்கு இடையேயும் நிலையான வேறுபாடு இருக்கிறது, அதில் ஒரு பகுதி குட்டிக்கும் இறங்குகிறது.

எவ்வளவு இறங்குகிறது என்றால், 2013-இல் வெளியான நியூசிலாந்துக் கணக்கின்படி, ஒரு நாளில் ஆடு விடும் மொத்த மீத்தேனில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 29 விழுக்காடு மரபுவழிப்பட்டது. தின்ற ஒவ்வொரு கிலோ தீவனத்துக்கும் எவ்வளவு மீத்தேன் என்று பார்த்தால் அது 13 விழுக்காடுதான். இது சிறிய எண். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கூடிக்கொண்டே போகும். தேர்ந்தெடுத்துப் பிரித்த இரண்டு மந்தைகளுக்கும் இடையே இன்று 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. 2019 முதல் அங்குள்ள கிடா வளர்ப்போருக்கு மீத்தேனுக்கென்றே ஓர் இனவிருத்தி மதிப்பும் (அந்தப் பண்பு கிடாவிடமிருந்து குட்டிகளுக்கு எவ்வளவு இறங்கும் என்று கணிக்கும் எண்) கிடைக்கிறது.

பாலாற்றங்கரை

எல்லாம் சரி, அம்மா. ஆனால் அடிப்படையான ஒரு கேள்வி இருக்கிறது. ஆடு தின்பது புல். புல் காற்றிலிருந்து எடுத்த கார்பனைத்தான் ஆடு திரும்பக் காற்றுக்குக் கொடுக்கிறது. பூமிக்கடியிலிருந்து எண்ணெயைத் தோண்டி எரிப்பவர்களை விட்டுவிட்டு, ஆட்டின் ஏப்பத்தை எண்ணுவது எந்த ஊர் நியாயம்? நியூசிலாந்தில் ஏப்பத்துக்கு வரி போடப் போகிறார்கள் என்றும் படித்தேன். இங்கும் அது வந்தால் முதலில் அடிபடுவது பட்டி வைத்திருப்பவன்தான்.

ஊட்டச்சத்து ஆராய்ச்சி மாணவி

கார்பன் திரும்புகிறது என்பது சரி, ஐயா. ஆனால் எடுத்த வடிவில் திரும்புவதில்லை. கார்பன் டை ஆக்சைடாக எடுக்கப்பட்ட அதே கார்பன் மீத்தேனாகத் திரும்பும்போது, அது சுமார் 12 ஆண்டுகள் காற்றில் நின்று, எடைக்கு எடை நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அதன் பிறகே மீண்டும் கார்பன் டை ஆக்சைடாகிறது. உங்கள் கருத்தில் உள்ள உண்மை என்னவென்றால், மந்தையின் அளவு பல பத்தாண்டுகளாகக் கூடாமல் இருந்தால், அது காற்றிலுள்ள மீத்தேன் அளவை மேலும் உயர்த்துவதில்லை. எண்ணெய்க்கு இந்தச் சலுகை கிடையாது.

வரியைப் பற்றிய செய்தி பழையது. நியூசிலாந்து அரசு 2022-இல் அறிவித்த அந்தத் திட்டம் 2024-இல் கைவிடப்பட்டது. அங்கே நாட்டின் மொத்தப் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழப் பாதி வேளாண்மையிலிருந்து வருவதால் அந்தப் பேச்சு எழுந்தது. உலக மீத்தேன் குறைப்பு உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திடவில்லை. எனவே வரிக்கு அஞ்சி இந்த விவாதத்தைத் தள்ள வேண்டியதில்லை.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் வழிகாட்டி வளரும் நாடுகளின் செம்மறி ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 கிலோ மீத்தேன் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள் இருந்தன. பெருக்கினால் ஆண்டுக்கு 22,500 டன் வருகிறது. ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 14 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதை எரித்தால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 180 கிலோ கலோரி. ஆடு தின்ற தீவனத்திலிருந்து அந்த ஆற்றல் ஆட்டுக்கும் போகாமல், உங்களுக்கும் போகாமல் காற்றோடு போகிறது. ஆனாலும் ஓர் எச்சரிக்கை: மீத்தேன் குறைந்தால் அந்த ஆற்றல் அப்படியே இறைச்சியாக மாறிவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். தீவனச் சோதனைகள் பலவற்றில் மீத்தேன் கணிசமாகக் குறைந்தும் எடை கூடவில்லை.

ஜவ்வாது அடிவாரம்

மேலே எழுதியதில் ஒரு வரியை நாம் எல்லாரும் விரைவாகக் கடந்துவிட்டோம். குறைந்த மீத்தேன் ஆட்டின் பெருவயிறு சிறியது, தீவனம் அதில் குறைந்த நேரமே தங்குகிறது என்றார்கள். நியூசிலாந்தில் ஆடு மேய்வது ஆண்டு முழுதும் பசுமையாக இருக்கும் ரைகிராஸ், குளோவர் புல்வெளியில். அங்கே தீவனம் விரைந்து கடந்தாலும் இழப்பு பெரிதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை தின்று ஈடுகட்டிக்கொள்ளும்.

நம் ஆடு பங்குனியிலும் சித்திரையிலும் தின்பது என்ன? காய்ந்து சருகான ஊசிப்புல், கழனியில் மிஞ்சிய நெல் தாள், வேலியோரத்து முள்மரக் காய். காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் மரத்தடியில் ஒதுங்கி நின்று அசைபோடுகிறது. மறுபடி மேய்வது மாலையில்தான். ஒரே மூச்சில் வயிற்றை நிரப்பி, அந்தக் கரட்டுத் தீவனத்தை நெடுநேரம் வைத்திருந்து செரிக்கிற ஆடுதான் கோடையைத் தாண்டும். கசாப்புக் கடையில் ஆட்டுப் போட்டி (குடல், இரைப்பை) கழுவும்போது பார்த்திருப்பீர்கள். புரட்டாசி மழைக்குப் பின் அறுத்த ஆட்டின் பெருவயிற்றில் பச்சைக் கூழ் இருக்கும், சித்திரையில் அறுத்த ஆட்டில் நார் ஒரு திண்டாகக் கட்டியாக மேலே மிதக்கும். அந்தத் திண்டில்தான் நாரைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு வேலை செய்கின்றன. அவை வேலை செய்தால் ஹைட்ரஜன் வரும். ஹைட்ரஜன் வந்தால் மீத்தேன் வரும். நம் ஊரில் மீத்தேன் என்பது, ஒன்றுக்கும் உதவாத சருகிலிருந்து உயிரை மீட்டெடுக்கும் வேலைக்குக் கொடுக்கும் கூலி. கூலியைக் குறைக்கிறேன் என்று வேலையாளையே நீக்கும் தேர்வை நான் ஏற்கமாட்டேன்.

ஊட்டச்சத்து ஆராய்ச்சி மாணவி

உங்கள் ஐயம் நியாயமானது, அண்ணா. ஆனால் முடிவு சற்று அவசரமானது. குறைந்த மீத்தேன் மந்தையில் இதுவரை உற்பத்தி இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. கம்பளி கூடியதாகவும் கொழுப்புக் குறைந்ததாகவுமே கணக்குகள் காட்டுகின்றன. குயினெல்லா மிகுந்த வகையையும் பாருங்கள். அதில் ஹைட்ரஜன் புரோப்பியோனேட் வழியாக ஆட்டுக்கே பயன்படுகிறது. ஆகவே மீத்தேன் குறையும் வழி ஒன்றே ஒன்றல்ல. சருகு மேயும் மந்தையிலேயே அளந்து, அங்கேயே தேர்ந்தெடுத்தால், நார் செரிக்கும் திறனை இழக்காத குறைந்த மீத்தேன் ஆடு கிடைக்க வாய்ப்பு உண்டு. தவறு எங்கே நேரும் என்றால், பசும்புல்லில் அளந்த கிடாவைக் கொண்டுவந்து சருகில் விடும்போதுதான்.

ஜவ்வாது அடிவாரம்

சருகிலேயே அளப்பதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. கம்பளியும் கொழுப்பும் நம் ஆட்டுக்கு அளவுகோலல்ல. சென்னைச் சிவப்புக்குக் கம்பளியே கிடையாது. சித்திரையில் தாய் ஆடு எத்தனை கிலோ இழந்தது, ஆடியில் மழை கண்டதும் எத்தனை நாளில் மீட்டது என்ற கணக்கையும் மீத்தேனோடு சேர்த்து எழுதட்டும்.

ஆம்பூர் தோல்வணிகம்

நான் ஆடு வளர்ப்பவனல்ல. தோல் வாங்கி விற்கும் குடும்பம். ஆனால் இந்த இழையில் ஒரு செய்தி என் தொழிலைத் தொடுவதால் எழுதுகிறேன். குரோமியம் வருவதற்கு முன் இப்பகுதித் தோல் பெரும்பாலும் ஆவாரம்பட்டையால்தான் பதப்படுத்தப்பட்டது. பட்டையிலுள்ள டானின், தோலின் புரதத்தோடு இணைந்து அதை அழுகவிடாமல் செய்கிறது. அதே டானின்தான் கருவேலங்காயிலும் புளியங்கொட்டைத் தோலிலும் இருக்கிறது. மீத்தேனைக் குறைக்க டானின் கொடுக்கிறார்கள் என்று படித்தேன். தோலைப் பதப்படுத்தும் பொருள் ஆட்டின் வயிற்றுக்குள் என்ன செய்கிறது?

ஊட்டச்சத்து ஆராய்ச்சி மாணவி

ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கிறது. தீவனத்தின் புரதத்தோடு இணைந்து அது பெருவயிற்றில் உடையாமல் காக்கிறது. பிறகு அமிலம் மிகுந்த நான்காம் வயிற்றில் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து, புரதம் ஆட்டுக்கே கிடைக்கிறது. நுண்ணுயிரிகள் மீதும் டானின் படிகிறது; நார் உடைப்போர் மெதுவாகிறார்கள், ஆர்க்கியாக்களும் தடைப்படுகின்றன. பெங்களூரிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியல் நிறுவனம், டானின் மிகுந்த தாவரப் பொருள்களிலிருந்து ஹரித் தாரா என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கி, அதனால் மீத்தேன் 17 முதல் 20 விழுக்காடு குறைவதாக அறிவித்தது.

ஆனால் அளவு தப்பினால் கெடுதல். தீவனத்தின் உலர் எடையில் 2 முதல் 4 விழுக்காடு வரை டானின் நன்மை செய்யும் என்றும், 5 விழுக்காட்டைத் தாண்டினால் ஆடு தின்பதே குறைந்து செரிமானமும் கெடும் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். தொரட்டியால் உலுக்கிப் போடும் கருவேலங்காயை ஆடுகள் ஆசையாகத் தின்னும். அதை மட்டுமே நாள்தோறும் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. வேர்க்கடலைக் கொடியோடு கலந்து கொடுத்தால் கொடியின் புரதமும் வீணாகாது.

அணைக்கட்டுப் பட்டிக்காரர்

கருவேலங்காயோடு கடலைக்கொடி என்பது எங்கள் அப்பா காலத்திலேயே இருந்த வழக்கம். காரணம் இன்றுதான் தெரிந்தது. இன்னொன்று கேட்கிறேன். குறைந்த மீத்தேன் ஆட்டின் பெருவயிற்று நீரை எடுத்து மற்ற ஆடுகளுக்கு ஊற்றிவிட்டால் வேலை முடிந்துவிடாதா? தலைமுறை தலைமுறையாகக் கிடா தேர்ந்தெடுக்க ஏன் காத்திருக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், தம்பி. ஊற்றி வெற்றி கண்டதும் உண்டு, தோற்றதும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெற்றி கண்டது சூபாபுல் என்னும் தீவன மரத்தின் விஷயத்தில். சூபாபுல்லில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது. மிகுதியாகத் தின்றால் முடி கொட்டும், கழுத்துக் கழலை வரும். ஆஸ்திரேலியாவில் கால்நடைகள் இதனால் நோயுற்றபோது, ஹவாய்த் தீவின் வெள்ளாடுகள் மட்டும் அதையே தின்று நலமாக இருந்ததை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். அந்த ஆடுகளின் பெருவயிற்று நீரை ஆஸ்திரேலிய ஆடுமாடுகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் அந்தத் தாங்குதிறன் வந்தது; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகவும் பரவியது. அந்த வேலையைச் செய்த பாக்டீரியாவுக்கு 1992-இல் சினர்ஜிஸ்டெஸ் ஜோன்ஸியை என்று அவர் பெயரையே வைத்தார்கள். அது ஊன்றியதற்குக் காரணம், அதன் தீனியான நச்சை உடைக்கும் வேறொருவர் அந்த வயிற்றில் இல்லை, காலியிடம் இருந்தது.

தோற்றது மாடுகளில். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டு மாடுகளின் பெருவயிற்றில் இருந்த ஏறத்தாழ எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தார்கள். சில வாரங்களில் ஒவ்வொரு மாட்டின் வயிற்றிலும் அதனதன் பழைய பாக்டீரியாக் கூட்டமே திரும்பி வந்துவிட்டது. மீத்தேன் விஷயத்தில் எல்லா இடமும் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது; புதிதாக ஊற்றுவது நிலைக்காது. குட்டி பிறந்த முதல் வாரங்களில், வயிறு வெறுமையாக இருக்கும்போதே திருத்தினால் சில மாதங்கள் நிற்கிறது என்று வெள்ளாட்டுக் குட்டிகளிலும் கன்றுகளிலும் செய்த சோதனைகள் காட்டுகின்றன. நம்மிடம் அது மந்தைக்கு எட்டும் தொழில்நுட்பமாக இன்னும் வரவில்லை.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். என் பார்வையில் இந்த இழையில் பேச வேண்டியதே அதுதான்.

நம் மந்தைகளில் மரபுத் தேர்வு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, தலைகீழாக. பக்ரீத்துக்கு முன் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வியாபாரிகள் பட்டிக்கே வந்துவிடுகிறார்கள். நன்றாக வளர்ந்த, கொம்பு எடுப்பாக இருக்கும் கிடாய்கள்தான் முதலில் விலைபோகின்றன. அப்படிப் போன பிறகு, யாரும் கேட்காத, ஒரு வயதாகியும் உடம்பு பிடிக்காத கிடா மந்தையிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த பருவத்துக்கு எல்லாப் பெட்டை ஆடுகளுக்கும் தகப்பன் அதுதான். விரைவாக வளரும் மரபணுவைச் சந்தைக்கு அனுப்பி, மெதுவாக வளரும் மரபணுவை வீட்டில் வைத்துக்கொள்கிறோம். இரண்டு மூன்று ஆண்டு அதே கிடா நின்றால் தன் மகள்களையே சினையாக்குகிறது. பிறகு குட்டிகள் நோஞ்சானாகின்றன, சாகின்றன.

இதில் மீத்தேன் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ஒரு குட்டி விற்பனை எடையை எட்ட ஆறு மாதத்துக்குப் பதில் பத்து மாதம் ஆனால், அந்த நான்கு மாத ஏப்பமும் அதே இறைச்சியின் கணக்கில்தான் சேரும். பிறந்த குட்டி செத்துப்போனால், தாய் ஆடு ஆண்டு முழுதும் விட்ட மீத்தேனுக்கு எதிரே ஒரு கிலோ இறைச்சிகூட வரவு இல்லை. நியூசிலாந்தில் மீத்தேனுக்கு இனவிருத்தி மதிப்பு கொடுப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எடை, குட்டி எண்ணிக்கை, பிழைப்பு ஆகியவற்றைப் பதிந்து கிடா தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மீத்தேன் அந்தக் கட்டடத்தின் மேல்மாடி. நமக்குக் கடைக்காலே இன்னும் போடவில்லை.

பாலாற்றங்கரை

மருத்துவர் ஐயா சொல்வது அத்தனையும் கண்ணால் கண்ட உண்மை. ஆனால் நல்ல கிடாவை வைத்துக்கொள் என்று சொல்வது எளிது. பக்ரீத் சமயத்தில் அந்த ஒரு கிடாவுக்குக் கிடைக்கும் பணத்தில்தான் பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் கட்டுகிறார்கள். அதை விற்காமல் வைத்திருப்பவனுக்கு ஊரார் மந்தைக்கும் சேர்த்துப் பொறுப்பா? மேய்ச்சல் நிலத்தில் எல்லா மந்தையும் கலந்து மேய்கின்றன. அவன் தியாகம் செய்த கிடா பக்கத்து மந்தைப் பெட்டைகளுக்கும் சேர்ந்துவிடும், பலன் எல்லாருக்கும், இழப்பு அவனுக்கு மட்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

ஒருவனே சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கலந்து மேயும் ஐந்தாறு மந்தைக்காரர்கள் சேர்ந்து, மூன்று மாத எடையில் முதலிடத்தில் நிற்கும் இரண்டு கிடாக்களைப் பக்ரீத் விலையையே கொடுத்து வாங்கிப் பொதுவில் வைக்கலாம். 25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடா போதும். இரண்டாண்டு முடிந்ததும் வேறு ஊர்க் குழுவோடு கிடாவை மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகும் அதை நல்ல விலைக்கு விற்கலாம், எடை குறையப் போவதில்லை. காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம், உழவர் மந்தைகளிலேயே எடை பதிந்து சென்னைச் சிவப்பில் கிடா தேர்ந்தெடுக்கும் வேலையைச் செய்கிறது. வேலூரிலேயே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. குழுவாகப் போய்க் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

ஜவ்வாது அடிவாரம்

ஐயா, வளர்ச்சியை மட்டும் பார்த்து வியாபாரிகள் ஆந்திராவிலிருந்து நெல்லூர்க் கிடாக்களை இறக்குகிறார்கள். உயரமும் எடையும் உண்டு. தீவனமும் அதற்கேற்பத் தின்னும். மேய்ச்சல் மட்டுமே இருக்கும் மந்தையில் அந்தக் கலப்புக் குட்டிகள் கோடையில் வாடுகின்றன. விரைவாக வளர்வதுதான் இலக்கு என்று சொன்னால் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அதனால்தான் மூன்று மாத எடையை நம் மந்தைக்குள், நம் மேய்ச்சலில், ஒரே பருவத்தில் பிறந்த குட்டிகளுக்கு இடையே ஒப்பிட வேண்டும் என்கிறேன். கொட்டகையில் அடர்தீவனம் தின்ற கிடாவின் எடை எனக்கு எதையும் சொல்லாது.

ஊட்டச்சத்து ஆராய்ச்சி மாணவி

மருத்துவர் ஐயா கூறிய வரிசையை நான் ஏற்கிறேன். ஒரே ஒரு சேர்க்கை. கடைக்கால் முடியும் வரை மீத்தேனைத் தொடவே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. அளப்பது முன்புபோல் கடினமல்ல. தொடக்கத்தில் ஓர் ஆட்டை மூடிய அறையில் இரண்டு நாள் வைத்து, உள்ளே போகும் காற்றையும் வெளியேறும் காற்றையும் அளந்தார்கள். இப்போது இழுவை வண்டியில் ஏற்றிய காற்றுப்புகாப் பெட்டிகளை மந்தை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய், ஒவ்வோர் ஆட்டையும் ஒரு மணி நேரத்துக்குள் அளந்துவிடுகிறார்கள். வாய்வழியே குழாய் விட்டுச் சிறிதளவு பெருவயிற்று நீரை எடுத்து, அதிலுள்ள நுண்ணுயிரிகளின் மரபணுக்களைப் படித்தே மீத்தேன் அளவைக் கணிக்கும் முறையும் வந்திருக்கிறது. சித்திரையில் ஒரு முறையும் கார்த்திகையில் ஒரு முறையும் அதே ஆடுகளில் எடுத்தால், நம் சருகிலும் நம் பசும்புல்லிலும் எந்தக் கூட்டம் மேலோங்குகிறது என்பது தெரியும்; ஜவ்வாது அண்ணனின் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

ஆனால் அடையாள எண் பொறித்த காதுத்தோடு இல்லாத, தகப்பன் தாய் தெரியாத ஆட்டில் அளந்தால் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது. மரபுவழி எவ்வளவு இறங்குகிறது என்று கணக்கிட உறவு தெரிய வேண்டும். ஆகவே எடைப் பதிவேடுதான் மீத்தேன் பதிவேட்டுக்கும் முதல் பக்கம்.

அணைக்கட்டுப் பட்டிக்காரர்

எங்களோடு கலந்து மேயும் மந்தைக்காரர்களிடம் பேசினேன். கிடா வாங்கும் பணத்துக்கு இரண்டு பேர் தயங்குகிறார்கள்; எடை போட்டு எழுதி வைக்க எல்லாருக்கும் சம்மதம். தராசு, காதுத்தோடு, நோட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு தைப்பருவக் குட்டிகளிலிருந்து தொடங்குகிறோம். எப்போது, எப்படி எடை போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

பிறந்த அன்றே தோடு குத்தி, தாயின் எண்ணையும் பிறந்த தேதியையும் ஒற்றையா இரட்டையா என்பதையும் எழுதுங்கள். மூன்றாம் மாத எடையை எல்லாக் குட்டிகளுக்கும் காலை, மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடுவதற்கு முன்பே போடுங்கள். மேய்ந்து வந்த பிறகு போட்டால் வயிற்றிலுள்ள தீவனமும் தண்ணீரும் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ந்து, நன்றாக மேய்ந்த சோப்ளாங்கிக் குட்டி முதலிடத்துக்கு வந்துவிடும். ஒரு சணல் சாக்கில் கால்களுக்கு நான்கு துளை வெட்டித் தொங்குதராசில் மாட்டினால் குட்டி துள்ளாது. இரட்டைக் குட்டிகளை ஒற்றைக் குட்டிகளோடு ஒப்பிடாமல் தனியே வரிசைப்படுத்துங்கள். செத்த குட்டியையும் தேதியோடு எழுதுங்கள். அந்தத் தாயின் மகனைக் கிடாவாக வைக்கலாமா என்று முடிவு செய்யும்போது அந்த வரி வேண்டியிருக்கும்.